கடைசி மூன்று இன்னிங்ஸை யாரிடம் கொடுப்பது?

2017 டிசம்பரில், ஒரே மாதத்துக்குள், டென்வர் நகரத்தின் பேஸ்பால் அணியான கொலராடோ ராக்கீஸ், பந்தெறியும் பிட்சர்கள் மூவருக்கு 10 கோடியே 60 லட்சம் டாலர் தருவதாக ஒப்பந்தம் போட்டது. வேட் டேவிஸுக்கு மூன்று ஆண்டுகளுக்கு 5 கோடியே 20 லட்சம். பிரயன் ஷா, ஜேக் மெக்கீ இருவருக்கும் தலா 2 கோடியே 70 லட்சம். மூவருமே ஆட்டத்தைத் தொடங்குபவர்கள் அல்லர், பிறர் தொடங்கியதை முடித்துக்கொடுப்பவர்கள். அந்த வேலையில் அன்று நல்ல பெயர் எடுத்திருந்தவர்கள். 2020 சீசன் முடிவதற்குள் மூவரையும் அணியே வெளியே அனுப்பிவிட்டது. பிந்தைய இன்னிங்ஸ்களில் வெற்றியைக் கோட்டைவிடும் அணிகள் வழக்கமாகத் தேடும் மருந்து இதுதான்: சென்ற ஆண்டு நன்றாக எறிந்தவரைப் பெரிய விலைக்கு வாங்குவது. அந்த மருந்து பெரும்பாலும் வேலை செய்வதில்லை. கையிலிருக்கும் பிட்சர்களின் வேலையை மாற்றி, பிறர் ஒதுக்கியவர்களில் பலரை எடுத்துப் பார்த்து, கிடைத்த நல்லவர்களைச் சரியான நேரத்தில் களமிறக்கும் அணிதான் தேறுகிறது. கடந்த இருபது ஆண்டு அமெரிக்க பேஸ்பால் இதற்குப் போதிய சான்று தருகிறது.

முதலில் இந்த வேலை என்னவென்று பார்த்துவிடலாம். பேஸ்பாலில் ஒவ்வோர் அணிக்கும் ஒன்பது இன்னிங்ஸ்; இன்னிங்ஸுக்கு மூன்று அவுட். ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர் ஸ்டார்டர். ஒரு காலத்தில் அவரே ஆட்டத்தை முடித்தும் வைப்பார். இன்று ஐந்தோ ஆறோ இன்னிங்ஸ் தாண்டினாலே பெரிது. கை களைத்துப்போவது ஒரு காரணம். ஒரே பேட்ஸ்மேன் அதே பிட்சரை மூன்றாம் முறை எதிர்கொள்ளும்போது பந்தின் போக்கைப் பிடித்துக்கொள்கிறார் என்பது இன்னொன்று. மீதி இன்னிங்ஸ்களை எறிய வருபவர்கள் ரிலீவர்கள். அவர்கள் உடம்பைச் சூடேற்றிக்கொண்டு காத்திருக்கும் இடத்துக்குப் புல்பென் என்று பெயர்; அந்த ரிலீவர் கூட்டத்தையும் அப்படியே சொல்வார்கள். அவர்களில் கடைசி இன்னிங்ஸுக்கு வருபவர் க்ளோசர். மூன்று ரன்னோ அதற்குக் குறைவோ முன்னிலை இருக்கும்போது வந்து ஒரு முழு இன்னிங்ஸ் எறிந்து ஆட்டத்தை முடித்தால், அவர் கணக்கில் ஒரு 'சேவ்' ஏறும். டி20 கிரிக்கெட்டில் டெத் ஓவர் பௌலருக்கு இருக்கும் நெருக்கடிதான் இவருக்கும். ஆனால் பேஸ்பாலில் மாற்றப்பட்ட பிட்சர் அந்த ஆட்டத்தில் மறுபடி உள்ளே வர முடியாது. யாரை எப்போது அழைப்பது என்பது அதனால் திருத்தவே முடியாத முடிவு.

பிட்சரை அளக்கும் பழைய அளவுகோல் ஈ.ஆர்.ஏ.; ஃபீல்டர்களின் பிழையால் வந்த ரன்களைக் கழித்துவிட்டு, ஒன்பது இன்னிங்ஸுக்கு எத்தனை ரன் கொடுத்தார் என்ற சராசரி. 3-க்குக் கீழே என்றால் மிக நன்று, 5-க்கு மேலே என்றால் கவலைக்கிடம். ஸ்டார்டர் ஓர் ஆண்டில் 150 முதல் 200 இன்னிங்ஸ் எறிவார். ரிலீவருக்குக் கிடைப்பது அறுபது, எழுபதுதான். 60 இன்னிங்ஸில் 20 ரன் கொடுத்தவரின் ஈ.ஆர்.ஏ. 3.00. அதே பிட்சர் இரண்டே இரண்டு இரவுகளில் ஐந்தைந்து ரன் கூடுதலாக விட்டிருந்தால் அது 4.50 ஆகிவிடும். முதலாமவரை வல்லவர் என்போம், இரண்டாமவரை வீட்டுக்கு அனுப்பு என்போம், இருவரும் ஒருவரே. இத்தனை சிறிய கணக்கில் திறமையையும் அதிர்ஷ்டத்தையும் பிரித்தறிவது கடினம். கூடவே, முழு வேகத்தில் எறியும் தோளும் முழங்கையும் எப்போது பழுதாகும் என்று சொல்ல முடியாது. ஆகவே நல்ல ஆண்டு ஒன்றை முடித்த ரிலீவரை வாங்கும் அணி, அவருடைய நேற்றைக்குத்தான் விலை கொடுக்கிறது.

வேட் டேவிஸையே எடுத்துக்கொள்வோம். டாம்பா பே ரேஸ் அணியில் ஸ்டார்டராக இருந்து பெரிதாகச் சோபிக்காதவர். 2012-ல் அவரை ரிலீவராக்கினார்கள், ஈ.ஆர்.ஏ. 2.43-க்கு இறங்கியது. அந்த ஆண்டு இறுதியில் ஜேம்ஸ் ஷீல்ட்ஸோடு சேர்த்து அவரை வாங்கிய கேன்சஸ் சிட்டி ராயல்ஸ், 2013-ல் மறுபடி ஸ்டார்டராக்கிப் பார்த்தது. விளைவு 5.32. 2014-ல் புல்பென்னுக்குத் திருப்பியபோது 72 இன்னிங்ஸில் 109 ஸ்ட்ரைக் அவுட், கிரிக்கெட்டின் சிக்ஸர் போன்ற ஹோம் ரன் ஒன்றுகூடக் கொடுக்கவில்லை, ஈ.ஆர்.ஏ. 1.00. அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. ஸ்டார்டருக்கு மூன்று, நான்கு வகைப் பந்துகள் கைவசம் வேண்டும். நூறு பந்துவரை வலுவைச் சேமித்துவைக்கவும் வேண்டும். ரிலீவருக்கு இரண்டு நல்ல பந்து போதும். பதினைந்து, இருபது பந்துகளில் உள்ள வேகத்தையெல்லாம் கொட்டிவிடலாம். எந்தப் பேட்ஸ்மேனும் அவரை அன்று இரண்டாம் முறை பார்க்கப்போவதில்லை. ஸ்டார்டராகத் தோற்றவரிடம் ரிலீவருக்கு வேண்டிய சரக்கு பெரும்பாலும் இருக்கிறது.

ராயல்ஸின் மற்ற ரிலீவர்களும் பெரிய விலைக்கு வாங்கப்பட்டவர்கள் அல்லர். க்ளோசர் கிரெக் ஹாலண்ட், இளம் வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் டிராஃப்டில், 2007-ல் பத்தாம் சுற்றில் எடுக்கப்பட்டவர். கெல்வின் ஹெரேரா அந்த அணியின் பயிற்சி அமைப்பிலேயே வளர்ந்தவர். 2006 டிராஃப்டில் நாட்டிலேயே முதல் ஆளாக எடுக்கப்பட்டு, ஸ்டார்டராக ஏமாற்றமளித்த லூக் ஹோச்சவர் 2013-ல் ரிலீவராகி 1.92 காட்டினார். 2014-ல் ஏழாம், எட்டாம், ஒன்பதாம் இன்னிங்ஸ்களைப் பங்குபோட்ட ஹெரேரா, டேவிஸ், ஹாலண்ட் மூவரின் ஈ.ஆர்.ஏ. முறையே 1.41, 1.00, 1.44. 1985-க்குப் பிறகு பிளேஆஃப் வாசலையே மிதிக்காத அணி அந்த ஆண்டு, பட்டத்துக்கான இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸின் ஏழாவது ஆட்டம்வரை போனது. அடுத்த ஆண்டு நியூயார்க் மெட்ஸை வீழ்த்திப் பட்டமே வென்றது. ராக்கீஸ் 2017-ல் பெரும் விலைக்கு வாங்கிய டேவிஸ், ராயல்ஸில் தோற்ற ஸ்டார்டராகக் கிடைத்த அதே டேவிஸ். கொலராடோவில் முதல் ஆண்டு 43 சேவ் எடுத்துத் தேசிய லீக்கில் முதலிடம் பிடித்தார், ஆனால் ஈ.ஆர்.ஏ. 4.13. இரண்டாம் ஆண்டு அது 8.65.

இன்னும் கீழே கிடந்த அணி ரேஸ். 2007-ல் 'டெவில் ரேஸ்' என்ற பெயரோடு 96 ஆட்டங்களில் தோற்றது, புல்பென்னின் ஈ.ஆர்.ஏ. 6.16. அடுத்த ஆண்டு 97 வெற்றி, வேர்ல்ட் சீரிஸ் இடம், புல்பென் ஈ.ஆர்.ஏ. 3.55. மூத்த க்ளோசர் ட்ராய் பெர்சிவலை அவர்கள் காசு கொடுத்து எடுத்தது உண்மை. ஆனால் பாரத்தைச் சுமந்தவர்கள் வேறு. 2007-ல் ஸ்டார்டராக 7.59 என்ற பரிதாபக் கணக்கு வைத்திருந்த ஜே.பி. ஹவல் ரிலீவராகி 2.22 ஆனார். அறுவைச் சிகிச்சைகளுக்குப் பிறகு வேறோர் அணியிலிருந்து வந்த ஆஸ்திரேலியர் கிராண்ட் பால்ஃபோர், சீசன் தொடக்கத்தில் சிறிய லீக்குக்கு அனுப்பப்பட்டுத் திரும்பி வந்து 1.54 எடுத்தார். இதற்குச் சமமான மாற்றம் அவர்கள் முதுகுக்குப் பின்னால், ஃபீல்டிங்கில் நடந்தது. ஷார்ட்ஸ்டாப்பில் ஜேசன் பார்ட்லெட் வந்தார், மூன்றாம் பேஸில் புதுமுகம் இவான் லாங்கோரியா வந்தார், அங்கிருந்த அகினோரி இவாமுரா இரண்டாம் பேஸுக்கு நகர்ந்தார். அடிபட்ட பந்துகளை அவுட் ஆக்குவதில் முந்தைய ஆண்டு கடைசியாக இருந்த அணி, அந்த ஆண்டு முதலாவதாக வந்தது. ஈ.ஆர்.ஏ. பிழைகளை மட்டும்தான் கழிக்கிறது. எட்டிப் பிடிக்க முடியாத மெதுவான கால்களை அது கழிப்பதில்லை. புல்பென் கெட்டுவிட்டது என்று புலம்பும் அணி முதலில் தன் ஃபீல்டர்களைப் பார்க்க வேண்டும். அடுத்து ஸ்டார்டர்களைப் பார்க்க வேண்டும். அவர்கள் நான்காம் இன்னிங்ஸிலேயே வெளியேறினால் எந்தப் புல்பென்னும் ஆகஸ்ட் மாதத்தில் நொண்டும்.

ஆளைக் கண்டுபிடித்தால் மட்டும் போதாது, பயன்படுத்தவும் தெரிய வேண்டும். 2016-ல் பால்டிமோர் ஓரியோல்ஸின் ஸாக் பிரிட்டன் 47 சேவ் வாய்ப்புகளில் நாற்பத்தேழையும் காப்பாற்றினார், ஈ.ஆர்.ஏ. 0.54. அந்த அக்டோபரில், தோற்றால் வெளியே என்ற ஒற்றை ஆட்டத்தில், டொராண்டோவில் 2-2 என்று சமநிலை. முன்னிலை கிடைக்கட்டும், சேவ் வாய்ப்பு வரட்டும் என்று மேனேஜர் பக் ஷோவால்டர் பிரிட்டனைப் புல்பென்னிலேயே வைத்திருந்தார். பதினோராம் இன்னிங்ஸில் எட்வின் என்கார்னாசியோன் வேறொரு பிட்சரின் பந்தை மூன்று ரன் ஹோம் ரன்னாக அடிக்க, சீசனே முடிந்தது. பிரிட்டன் ஒரு பந்துகூட எறியவில்லை. அதே மாதத்தில் கிளீவ்லாண்ட் மேனேஜர் டெரி ஃப்ராங்கோனா தன் சிறந்த ரிலீவர் ஆண்ட்ரூ மில்லரை ஐந்தாம் இன்னிங்ஸிலேயேகூட அழைத்தார். ஆட்டம் எப்போது சரியப்போகிறதோ அப்போது. அமெரிக்க லீக் இறுதித் தொடரின் சிறந்த வீரர் விருது மில்லருக்குத்தான் போனது. அவரும் ஸ்டார்டராக இருந்து தோற்றவரே.

இதற்கு வரும் மறுப்புகள் வலுவானவை. முதலாவது: டென்வர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மெல்லிய காற்றில் பந்து குறைவாக வளையும், அடித்தால் தூரம் போகும், அங்கே யார் போனாலும் அடிவாங்குவார்கள். உயரம் உண்மைதான். ஆனால் அதே 2018-ல் அதே அணிக்கு எறிந்த ஆடம் ஒட்டாவினோவின் ஈ.ஆர்.ஏ. 2.43. செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் கழற்றிவிட்டபோது 2012-ல் ராக்கீஸ் எடுத்துக்கொண்டவர் அவர். மெக்கீயோ 2020-ல் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்குப் போய் நன்றாக எறிந்து, வேர்ல்ட் சீரிஸ் வென்ற அணியில் இடம்பிடித்தார். ஆகவே அவரிடம் சரக்கு தீர்ந்துபோகவில்லை. அதை எந்த அணி எப்படிக் கையாண்டது என்பதில்தான் வேறுபாடு.

இரண்டாவது மறுப்பு பாஸ்டனைக் காட்டுகிறது. 2003-ல் ரெட் சாக்ஸ், நிலையான க்ளோசர் வேண்டாம், சூழலைப் பார்த்து எவரையும் அழைப்போம் என்று தொடங்கி முதல் ஆட்டத்திலேயே கடைசி இன்னிங்ஸில் வெற்றியைப் பறிகொடுத்தது. பிறகு பெயர்பெற்ற க்ளோசர் கீத் ஃபோல்க்கை வாங்கி, 2004-ல் 86 ஆண்டுக்குப் பின் பட்டம் வென்றது. வீரர்களுக்குத் தங்கள் வேலை எதுவென்று தெரிந்திருப்பது நல்லது என்பதை இதிலிருந்து ஏற்கத்தான் வேண்டும். ஆனால் 2003-ல் தோற்றது சிந்தனையைவிட ஆட்கள்தான். வலுவற்ற பிட்சர்களை எந்த வரிசையில் அழைத்தாலும் வலு வந்துவிடாது. 2004 அக்டோபரில் பிரமாதமாக எறிந்த ஃபோல்க்கின் ஈ.ஆர்.ஏ. 2005-ல் 5.91, கூடவே அறுவைச் சிகிச்சை. ஓராண்டுக்காக வாங்கியிருந்தால் அருமையான பேரம்; அதற்கு மேல் நம்பியிருந்தால் இழப்பு. பத்தொன்பது ஆண்டு தேயாமல் நின்று 652 சேவ் எடுத்த மரியானோ ரிவேரா இல்லையா என்று கேட்கலாம். அவரைப் போல இன்னொருவர் வரவில்லை என்பதே பதில். நியூயார்க் யாங்கீஸ் அவரையும் சந்தையில் வாங்கவில்லை. 1995-ல் ஸ்டார்டராக வந்து 5.51 காட்டிய பனாமா இளைஞர் அவர்.

மூன்றாவது: 2016-ல் சிகாகோ கப்ஸ் சீசன் நடுவில் அரால்டிஸ் சாப்மனை வாங்கி, 1908-க்குப் பிறகு முதல் பட்டம் வென்றதே? வெற்றியின் விளிம்பில் நிற்கும் அணிக்கு அந்தச் செலவு நியாயம். தள்ளாடும் அணி பார்க்க வேண்டியது அந்தப் பேரத்தின் மறுபக்கத்தை. அந்த ஆண்டு பின்தங்கியிருந்த யாங்கீஸ் சாப்மனைக் கொடுத்து, கிளேபர் டோரஸ் உட்பட நால்வரைப் பெற்றது. அந்தக் குளிர்காலத்தில் சாப்மனையே மறுபடி ஒப்பந்தம் செய்தது. முன்னிலையே கிடைக்காத அணியில் சிறந்த க்ளோசருக்கும் காப்பாற்ற எதுவும் இல்லை. அவரை விற்று எதிர்காலத்தை வாங்குவதே கணக்கு. 2019-ல் வாஷிங்டன் நேஷனல்ஸ் 5.6-ஐத் தாண்டிய புல்பென் ஈ.ஆர்.ஏ.வோடு பட்டம் வென்றதைக் காட்டிப் புல்பென்னே முக்கியமில்லை என்போரும் உண்டு. பிளேஆஃப் நடக்கும் அக்டோபரில் ஓய்வு நாள் அதிகம் என்பதால் ஸ்டார்டர்களையே ரிலீவர்களாக இறக்க முடிந்தது. வேர்ல்ட் சீரிஸின் ஏழாவது ஆட்டத்தில் ஸ்டார்டர் பேட்ரிக் கார்பின் மூன்று இன்னிங்ஸ் எறிந்தார். 162 ஆட்டம் கொண்ட சீசனில் அது நடக்காது. அந்த ஆட்டத்தை முடித்த டேனியல் ஹட்சன், அதே ஆண்டு மார்ச்சில் இன்னோர் அணி விடுவித்த பிட்சர்.

ஒரு மறுப்புக்கு மட்டும் முழுப் பதில் கிடையாது. இந்த வழி மனிதக் கைகளை வேகமாகத் தேய்க்கிறது. 2015 முடிவதற்குள் ஹாலண்டின் முழங்கைத் தசைநார் கிழிந்தது. ஹோச்சவருக்கு அதற்கு முன்பே அறுவைச் சிகிச்சை. பலரை எடுத்துப் பார்ப்பது என்றால், பலரைத் தேய்த்துவிட்டு அடுத்தவரைத் தேடுவது என்றும் ஆகிவிடலாம். அதனால்தான் எண்ணிக்கை முக்கியம். ஒரே ஆளை மூன்று நாள் தொடர்ந்து இறக்க வேண்டிய கட்டாயம், நம்பத்தக்கவர் ஒருவர் மட்டுமே இருக்கும் அணிக்குத்தான் வருகிறது. ஆறு பேர் இருந்தால் ஒருவருக்கு வலி என்றால் உட்காரவைக்கலாம்.

இவ்வளவு சான்று இருந்தும் அணிகள் பெரிய பெயரைத் தேடிப் போவதற்குக் காரணம் எளிது. க்ளோசரை வாங்கினால் மறுநாள் செய்தி. ரசிகர்களுக்கு நிர்வாகம் ஏதோ செய்தது என்ற திருப்தி. தோற்ற ஸ்டார்டருக்குப் புதிய பந்து ஒன்றைப் பழக்குவதும், இரண்டாம் பேஸுக்கு வேகமான கால்களைத் தேடுவதும் யார் கண்ணிலும் படாது. பலன் தெரிய ஓராண்டாவது ஆகும். தள்ளாடும் அணியின் உரிமையாளர் தன் நிர்வாகியிடம் "நம் க்ளோசர் யார்?" என்று கேட்டால் அவரைக் கடைக்குத்தான் அனுப்புகிறார். "ஜூலை மாதத்தில், ஒரு ரன் முன்னிலையில், ஏழாம் இன்னிங்ஸை நம்பிக் கொடுக்க நம்மிடம் எத்தனை பேர்?" என்று கேட்டால், நிர்வாகி தன் ஸ்டார்டர்களையும் ஃபீல்டர்களையும் சிறிய லீக் பட்டியலையும் திரும்பப் பார்த்தாக வேண்டும். பணம் செலவழிப்பதெல்லாம் அதற்குப் பிறகு.