புளிச்சைத் தேநீர்: வெந்நீரிலும் தண்ணீரிலும்

செம்பருத்தித் தேநீர் என்று கடைகளில் விற்கப்படும் புளிப்பான செந்நிறச் சருகு, நம் வேலியோரத்துச் செம்பருத்திப் பூவன்று. அதே குடும்பத்தைச் சேர்ந்த புளிச்சைச் செடியிலிருந்து கிடைப்பது அது. ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இச்செடியின் பானத்தைச் சூடான் நாட்டினர் ‘கர்கடே’ என்றும், செனகல் நாட்டினர் ‘பிஸாப்’ என்றும் வழங்குகின்றனர்.

பானத்திற்கு உதவுவது பூவிதழ் அன்று. பூ உதிர்ந்த பின்னர், காயைச் சூழ்ந்து சிவந்து தடிக்கும் புல்லியே வேண்டுவது. நாருக்காக வளர்க்கும் நெடிய வகையில் புல்லி சதைப்பற்றின்றி இருக்குமாதலால், விதை வாங்கும்போதே வகையைக் கேட்டறிதல் நலம். பூத்துச் சுமார் மூன்று வாரங்களில், புல்லி முற்றி நாராகுமுன் பறித்து, உள்ளிருக்கும் காயை நீக்கி, காற்றோட்டமுள்ள நிழலில் கையால் நொறுங்கும் பதம்வரை உலர்த்த வேண்டும்.

சாயத் தொட்டியில் பழகிய நெசவாளர்க்கு இதன் தத்துவம் எளிதில் விளங்கும். வெந்நீரில் நிறமும் புளிப்பும் விரைவில் இறங்கும். தண்ணீரில் அதற்கு நேரம் மிகுதியாக வேண்டும்.

சூடாக அருந்த விரும்புவோர், 200 மில்லிலிட்டர் நீரைக் கொதிக்கவைத்து இறக்கி, 2 தேக்கரண்டி சருகை இட்டு மூடி, 5 முதல் 10 நிமிடம் கழித்து வடிகட்டுக. அடுப்பிலேயே நெடுநேரம் கொதிக்கவிட்டால் நிறமும் மணமும் கெடும். குளிர்ச்சியாக வேண்டுவோர், காய்ச்சி ஆறிய 1 லிட்டர் நீரில் 20 கிராம் சருகை இட்டு, மூடி, இரவு முழுவதும் ஊறவைத்துக் காலையில் வடிகட்டி அன்றே அருந்துக. இம்முறையில் புளிப்பும் துவர்ப்பும் சற்று மென்மையாயிருக்கும். இனிப்புக்குப் பனங்கற்கண்டு ஏற்றது; வெல்லம் நிறத்தை மங்கச் செய்யும்.

பாத்திரத்தில் கவனம் இன்றியமையாதது. புளிப்பு மிகுந்த இப்பானம் செம்பு, பித்தளை, அலுமினியம் ஆகியவற்றை அரிக்கும். எவர்சில்வர், கண்ணாடி, பீங்கான் இவற்றையே உபயோகிக்கவும். நூலுக்குச் சாயம் கலக்கிய பாத்திரத்தை, எவ்வளவு தேய்த்துக் கழுவியிருப்பினும், இதற்கு எடுக்கலாகாது.

இப்பானம் இரத்த அழுத்தத்தை ஓரளவு குறைக்கும் என்பதை, 2010-இல் வெளியான அமெரிக்க டப்ட்ஸ் பல்கலைக்கழக ஆய்வொன்று காட்டியது. இதை நம்பி மருந்தை நிறுத்துதல் கூடாது. இரத்த அழுத்தத்திற்கோ நீரிழிவிற்கோ மருந்து உட்கொள்வோர் மருத்துவரைக் கேட்ட பின்னரே நாள்தோறும் அருந்தலாம். கர்ப்பிணிகள் தவிர்ப்பதே நன்று.

வீட்டுத் தேவைக்கு வரப்போரத்தில் சில செடிகளே போதும். விற்பனைக்கென உறுப்பினர் பலரின் சருகை ஒன்றுசேர்ப்பதாயின், ஒவ்வொருவர் சரக்கையும் தனித்தனியே நொறுக்கிப் பார்த்த பின்னரே மூட்டையில் கலக்கவேண்டும். ஒருவர் சரக்கில் எஞ்சிய ஈரம் மூட்டை முழுவதற்கும் பூசணத்தைப் பரப்பிவிடும். பூசணம் பிடித்த சருகு பானத்திற்கு உதவாது.