சூழ்ச்சி யாருடையது?

காதர்பேட்டையில் பனியன் முதலாளிகள் நால்வர் கூடி விலை பேசினால், அது ஆலோசனை! தொழிலாளர் நால்வர் கூடிக் கூலி பேசினாலோ, சூழ்ச்சி! ஏன் இந்தப் பெயர் மாற்றம் என்று கேட்கிறோம்.

சூழ்ச்சி இழிசொல்லாகப் பிறந்ததன்று, தோழர்களே! சூழ்தல் என்றால் சுற்றி நிற்றல். ஒன்றைச் சுற்றிச் சுற்றி எண்ணிப் பார்த்தலும் சூழ்தலே. குறளின் 68-ஆம் அதிகாரமாம் வினைசெயல்வகை இச்சொல்லில்தான் தொடங்குகிறது. அங்கே வஞ்சகம் இல்லை, ஆராய்ச்சி உண்டு. ஆங்கிலேயன் 'கான்ஸ்பிரசி' என்றானே, அதன் இலத்தீன் வேருக்கும் சேர்ந்து மூச்சுவிடுதல் என்பதே பொருள்!

சேர்ந்து மூச்சுவிடுவது குற்றமா? 1913-இல் வெள்ளை அரசு தண்டனைச் சட்டத்தில் 120-ஏ பிரிவைப் புகுத்தியது. சட்டத்துக்கு மாறான செயலுக்கு இருவர் இசைந்தாலே கூட்டுச்சதி! அந்தக் கத்தி, சங்கம் கண்ட தொழிலாளியின் தலைமேலும் தொங்கிற்று. ஆகவேதான் 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம், பதிவுபெற்ற சங்கத்தார் சங்க நோக்கத்துக்காகச் செய்துகொள்ளும் உடன்பாட்டுக்கு 17-ஆம் பிரிவில் காப்பு அளித்தது.

1984-இல் திருப்பூர் பனியன் தொழிலாளர் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் செய்தனர். பசித்த வயிறுகள் நான்கு மாதம் ஒன்றாய் நின்றன. அது வஞ்சகமா? இல்லை, வள்ளுவர் அறிந்த சூழ்ச்சி! சொல்லை மீட்போம், சேர்ந்து சூழ்வோம்!