எட்டு நொடிக்குள் ஒரு திருத்தம்

1986 மார்ச்சில், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து டைலர் நகரில், தெராக்-25 என்ற கதிர்வீச்சுக் கருவியை இயக்கியவர் எலெக்ட்ரான் கதிருக்குரிய 'இ' எழுத்துக்குப் பதிலாக 'எக்ஸ்' என்று தட்டிவிட்டு, உடனே திருத்தினார். கருவி தன் காந்தங்களைச் சரிசெய்துகொள்ளச் சுமார் 8 நொடி ஆகும். கைதேர்ந்தவர் என்பதால் அதற்குள் திருத்தி முடித்துவிட்டார். மென்பொருளில் விசைப்பலகையைக் கவனித்த பணியும் கருவியை அமைத்த பணியும் நினைவகத்தில் ஒரே தகவலைத்தான் பகிர்ந்துகொண்டிருந்தன. திருத்தம் திரையில் தெரிந்தது, கருவிக்கு முழுதாகப் போய்ச் சேரவில்லை. 180 ராட் பெற வேண்டிய நோயாளி ஏறத்தாழ நூறு மடங்கு பெற்று, சில மாதங்களில் இறந்துபோனார்.

இந்த வகைப் பிழைக்கு 'ரேஸ் கண்டிஷன்' என்று பெயர். கூட்டுக் கணக்கில் 1,000 ரூபாய் இருக்கிறது. கணவன் ஏடிஎம்மிலும் மனைவி கைபேசியிலும் ஒரே கணத்தில் 800 கேட்கிறார்கள். இரண்டு பணிகளும் இருப்பைப் பார்க்கின்றன, இரண்டுக்கும் 1,000 தெரிகிறது, இரண்டும் பணத்தைக் கொடுத்துவிட்டு மீதி 200 என்று எழுதிவைக்கின்றன. தனித்தனியாகப் பார்த்தால் எந்த வரியிலும் தவறில்லை. படிப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவே இன்னொருவர் நுழைந்துவிட்டார், அவ்வளவுதான்.

நன்றாகச் சோதித்தால் பிடிபடாதா என்று கேட்கலாம். 2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவிலும் கனடாவிலும் சுமார் 5 கோடிப் பேர் மின்சாரம் இழந்தார்கள். மின்கம்பிகளில் மரங்கள் உரசியது தொடக்கம். ஆனால் ஒஹையோ கட்டுப்பாட்டு அறையின் எச்சரிக்கை மென்பொருள் ரேஸ் கண்டிஷனால் சத்தமின்றி முடங்கியதால், ஊழியர்களுக்கு நிலைமையே தெரியவில்லை. அந்த மென்பொருள் அதற்கு முன் 30 லட்சம் மணி நேரத்துக்கு மேல் இப்பிழை தலைகாட்டாமல் ஓடியிருந்தது என்றது தயாரித்த நிறுவனம். சில மில்லிநொடிகளில் தற்செயலாக அமையும் வரிசையைச் சோதனையில் வரவழைப்பது எளிதல்ல.

அப்படியானால் பூட்டுப் போடலாமே? ஒரு பணி முடியும்வரை மற்றதைக் காத்திருக்கச் செய்யும் 'செமஃபோர்' உத்தியை டச்சு அறிஞர் டைக்ஸ்ட்ரா 1960களிலேயே வகுத்துவிட்டார். இன்றும் அது தேவைதான். ஆனால் பத்து இடத்தில் பூட்டி, பதினோராவதில் மறந்தால் போதும், பாதுகாப்பு போயிற்று. இரண்டு பணிகள் ஆளுக்கொரு பூட்டைப் பிடித்துக்கொண்டு மற்றதன் பூட்டுக்காகக் காத்திருந்தால் இரண்டுமே நகராது. ஆகவே மனிதரின் கவனத்தை நம்பாமல், பகிர்வதையே குறைப்பதுதான் சரியான வழி என்பேன். எரிக்சன் நிறுவனத்தில் தொலைபேசி இணைப்பகங்களுக்காகப் பிறந்த எர்லாங் மொழியில் பணிகள் நினைவகத்தைப் பகிர்வதில்லை. செய்தி அனுப்பித்தான் பேசிக்கொள்கின்றன. ரஸ்ட் மொழியிலோ, ஒரே தரவை இரு பணிகள் பாதுகாப்பின்றி மாற்றும் வழக்கமான நிரலை, அதை இயங்கும் வடிவாக மாற்றும் கம்பைலரே ஏற்காது. செய்தியை நகலெடுப்பதில் வேகம் குறையும் என்ற ஆட்சேபம் நியாயமே. வேகம் உயிர்நாடியான சில இடங்களில் பகிரத்தான் வேண்டும். மற்ற இடங்களில் அந்தச் சிறு தாமதத்தை யாரும் கவனிக்கப்போவதில்லை.

தெராக்-25இல் வேறு கோளாறுகளும் இருந்தன, எல்லாப் பழியையும் ரேஸ் கண்டிஷன்மேல் போடலாமா என்போரும் உண்டு. இருந்தன. ஆனால் இதே பிழை அதற்கு முந்தைய தெராக்-20இலும் இருந்தது. சிகாகோவில் புதிய மாணவர்கள் அதைக் கையாளத் தொடங்கும்போதெல்லாம் ஃபியூஸ் போய்க் கருவி நின்றது. ஏனென்று வெகுநாள் புரியவில்லை. நோயாளி யாருக்கும் ஒன்றும் ஆகவுமில்லை. தவறான நிலையில் கதிர் பாயாமல் தடுக்கும் தனி மின்சுற்றுகள் அதில் இருந்தன. புதிய கருவியில் அந்த வேலையையும் மென்பொருளே பார்த்துக்கொள்ளும் என்று அவற்றை நீக்கியிருந்தார்கள்.