செல்ஃப் எடுக்காத கார்

1980-களில் ஹைதராபாத்தின் தார்நாகாவில் கார் வைத்திருந்தவர்கள், இரவு வண்டியை நிறுத்தும்போதே மறுநாள் காலையை யோசித்துத்தான் நிறுத்துவார்கள். ஹைதராபாத் மேடும் பள்ளமுமான பாறை ஊர். தெருவில் எந்தப் பக்கம் சரிவு என்று பார்த்து, வண்டியின் முகம் இறக்கத்தை நோக்கி இருக்கும்படி விட்டுவிட வேண்டும். காலையில் செல்ஃப் எடுக்காவிட்டால் சாவியைப் போட்டு, கிளட்சை மிதித்து, இரண்டாவது கியரில் வைத்து, வண்டியை உருளவிட்டுச் சட்டென்று கிளட்சை விட்டால் எஞ்சின் ஓடத் தொடங்கிவிடும். சரிவு கிடைக்காத நாளில் பால் வாங்கப் போகிறவரும் பள்ளிக்கூடம் போகிற பையன்களும் சேர்ந்து தள்ளுவார்கள்.

அப்போது இங்கே கார்கள் குறைவு. உஸ்மானியா பல்கலைக்கழகம், 1989-இல் ஐ.ஐ.சி.டி. என்று பெயர் மாறிய வேதியியல் ஆய்வு நிறுவனமான ஆர்.ஆர்.எல்., புவியியற்பியல் ஆய்வு நிறுவனமான என்.ஜி.ஆர்.ஐ., லாலாகூடா ரயில்வே பணிமனை என்று பல இடங்களில் வேலை பார்த்தவர்கள் குடியிருந்த பகுதி இது. எங்களைப் போன்ற தமிழ்க் குடும்பங்களும் அப்படி வந்து சேர்ந்தவைதான். தெருவில் நின்ற கார்கள் அம்பாசிடர் அல்லது ஃபியட். 1983-க்குப் பிறகு மெல்ல மெல்ல மாருதி 800. அந்த வண்டிகளின் செல்ஃப் மோட்டாரையோ டைனமோவையோ கழற்றினால் பெரும்பாலும் சென்னை பாடியில் 1961-இல் தொடங்கிய லூகாஸ்-டி.வி.எஸ். முத்திரை இருக்கும். நம் ஊரில் செய்த சாமான் இங்கே ஓடுகிறது என்று பெரியவர்கள் பெருமையோடு சொல்வார்கள்.

காரை மின்சாரத்தால் கிளப்பும் இந்தச் செல்ஃப் ஏற்பாடு 1912-ஆம் ஆண்டு அமெரிக்காவின் காடிலாக் வண்டிகளில் வந்தது. சார்ல்ஸ் கெட்டரிங் என்ற பொறியாளர் உருவாக்கியது அது. சௌமஹல்லா அரண்மனையில் இன்றும் காட்சிக்கு நிற்கும் நிஜாமின் மஞ்சள் ரோல்ஸ்-ராய்ஸும் அதே 1912-ஐச் சேர்ந்ததுதான். ஆனால் அந்த வகை ரோல்ஸ்-ராய்ஸுக்குச் செல்ஃப் வந்தது 1919-இல். அதுவரை அரசர் ஏறுகிற வண்டியாக இருந்தாலும் ஒருவர் முன்னால் நின்று ஹேண்டில் போட்டுச் சுற்றத்தான் வேண்டியிருந்தது. பழைய அம்பாசிடர்களிலும் அந்த ஹேண்டிலுக்கான துளை இருந்தது. டிக்கியில் ஹேண்டில் கிடந்தது.

அந்தக் காலத்து மிஸ்திரியிடம் மீட்டர் கிடையாது. ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு ஸ்பேனர், இரண்டு ஒயர் கோத்த ஒரு பல்பு, இவ்வளவுதான். "செல்ஃப் நை லேரா?" (செல்ஃப் எடுக்கவில்லையா?) என்று தக்கினி உருதுவில் கேட்டுக்கொண்டே வருவார். பானெட்டைத் திறப்பதற்கு முன்பே சாவியை ஒருமுறை திருப்பச் சொல்லிக் காது கொடுப்பார். 'டகடகடக' என்று விடாமல் அடித்தால் பேட்டரியில் சக்தி இல்லை, அல்லது டெர்மினல் தளர்ந்திருக்கிறது. 'டக்' என்று ஒரே ஒரு சத்தத்தோடு நின்றால், மோட்டாருக்குக் கரண்ட்டைத் திறந்துவிடும் சோலனாய்டு வேலை செய்கிறது. ஆனால் மோட்டாருக்குப் போதிய கரண்ட் போகவில்லை, அல்லது மோட்டாரே சிக்கியிருக்கிறது. 'உய்ங்' என்று மோட்டார் மட்டும் சுற்றி எஞ்சின் அசையாவிட்டால், பெண்டிக்ஸ் பல்சக்கரம் ஃப்ளைவீலைக் கவ்வவில்லை. ஒரு சத்தமும் இல்லையென்றால் சாவி ஸ்விட்சிலிருந்து சோலனாய்டு வரைக்கும் எங்கேயோ தொடர்பு அறுந்திருக்கிறது.

அடுத்தது ஹெட்லைட். விளக்கைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பச் சொல்வார். விளக்கு அப்படியே அணைந்துபோனால் பேட்டரி அல்லது அதன் இணைப்பு. விளக்கு பிரகாசமாகவே நின்று, செல்ஃப் மட்டும் பேசாமல் இருந்தால், கரண்ட் மோட்டாருக்குப் போகவே இல்லை. விளக்கு நன்றாக மங்கி, எஞ்சினும் அசையாமல் இருந்தால் பல்சக்கரம் சிக்கிக்கொண்டிருக்கலாம். அதற்கு மூன்றாவது கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் அசைத்தால் விடுபடும். ஸ்பேனர் காம்பால் மோட்டாரின் உடம்பில் இரண்டு தட்டு தட்டியதும் செல்ஃப் எடுத்துவிட்டால், உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்து கம்யூட்டேட்டரைத் தொடாமல் நிற்கிறது என்று அர்த்தம். தட்டினால் அன்றைக்கு ஓடும். அந்த வாரத்துக்குள் பிரஷ் மாற்றியாக வேண்டும். செலவே இல்லாத இந்தச் சோதனைகளில் ஒன்றுகூட இன்றும் பொய்யாகவில்லை.

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லையென்றால் அது வேறு கதை. ஜூன் மாதத்து முதல் மழையில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் இறங்கிவிடும். மூடியைக் கழற்றி உலர்ந்த துணியால் துடைத்து, பிளக்குக்குப் போகும் ஹெச்.டி. ஒயர்களையும் துடைத்து மாட்டினால் வண்டி கிளம்பும். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் வெயிலில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி அடைத்துக்கொள்ளும். பம்ப் மேல் ஈரத்துணி போட வேண்டும். அதில் மின்சாரத்தின் குற்றம் எதுவும் இல்லை. அடிக்கடி சிக்கல் கொடுத்தது பாயிண்ட்தான். 12 வோல்ட்டை தீப்பொறிக்கு வேண்டிய ஆயிரக்கணக்கான வோல்ட்டாக மாற்றுவது காயில். அந்தக் காயிலுக்குப் போகும் கரண்ட்டை வெட்டி வெட்டி விடும் சின்னத் தொடுமுனை பாயிண்ட். அது கருகிவிட்டால் உப்புத்தாள் மடித்துத் தேய்த்து, ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர் இடைவெளிக்கு ஒரு விசிட்டிங் கார்டைச் செருகிச் சரிபார்ப்பார்கள். பிறகு ஒரு பிளக்கை வெளியே எடுத்து எஞ்சின் உடம்பில் சாய்த்து வைத்து பொறியைப் பார்ப்பார்கள். நீலம் என்றால் நல்லது. மஞ்சளாகச் சோர்ந்து விழுந்தால் கண்டென்சரையோ காயிலையோ சந்தேகிக்க வேண்டும்.

2014-ஆம் ஆண்டு ஜனவரியில் மாருதி 800-இன் உற்பத்தி நின்றது; மே மாதத்தில் அம்பாசிடரும் நின்றது. அதற்கு வெகுமுன்னரே, 2000-ஐ ஒட்டி, கார்புரேட்டரும் பாயிண்ட்டும் புதிய கார்களை விட்டுப் போய்விட்டன. இன்று தார்நாகாவில் 'பழைய கார்' என்றால் அது பதினைந்து, இருபது வயதான, கம்ப்யூட்டரே பெட்ரோலை அளந்து பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ. கார். பதிவுக் காலமான பதினைந்து ஆண்டு முடிந்து, ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்து வைத்திருக்கும் வண்டி. அதற்குள் கம்ப்யூட்டர் இருக்கிறது, மின்சாரப் பெட்ரோல் பம்ப் இருக்கிறது, பலவற்றில் சாவியை அடையாளம் காணும் இம்மொபிலைசரும் இருக்கிறது. பேட்டரி முற்றாக இறங்கிய இந்த வண்டியைச் சரிவில் உருட்டிப் பயனில்லை. பம்ப்பும் ஓடாது, கம்ப்யூட்டரும் விழிக்காது. பிளக் ஒயரைப் பிடுங்கிப் பொறி பார்க்கும் பழைய பழக்கத்தையும் இதில் காட்டக்கூடாது, மாட்யூல் போய்விடும்.

நோயின் காரணமும் மாறியிருக்கிறது. அன்று வண்டி ஓடி ஓடிக் கெட்டது. இன்று நின்று நின்று கெடுகிறது. 2017 நவம்பரில் நாகோல்–மியாபூர் மெட்ரோ ஓடத் தொடங்கியதிலிருந்து, அமீர்பேட்டுக்கோ செகந்திராபாதுக்கோ போக வீட்டுக் காரை எடுக்காதவர்கள் பலர். மீதிக்கு வாடகைக் கார் வருகிறது. ஓய்வுபெற்ற தம்பதிகளின் கார், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, உறை போர்த்தி அடுக்ககத்தின் அடியில் நிற்கிறது. நிற்கிற காரும் மின்சாரம் குடிக்கும். கடிகாரம், அலாரம், கம்ப்யூட்டரின் நினைவகம் எல்லாம் சேர்ந்து 50 மில்லி ஆம்பியர் வரை எடுக்கலாம். ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி. 35 ஆம்பியர்-மணி கொண்ட சின்னக் கார் பேட்டரியில் இரண்டு வாரத்தில் பாதி காலி. வெயில் அந்தப் பேட்டரியின் ஆயுளை ஏற்கனவே அரித்திருக்கும். நின்ற வண்டிக்குள் எலி புகுந்து ஒயரைக் கடித்துவைப்பதும் இப்போது வாடிக்கையாகிவிட்டது.

இன்றைய கோளாறுகளைக் கண்டுபிடிக்க ஸ்கேனர் வந்திருக்கிறது. டாஷ்போர்டின் கீழே சொருகினால் கோளாறு எண் காட்டும். கிராங்க் சென்சார் செத்துப்போனதையும், இம்மொபிலைசர் சாவியை ஏற்காததையும் அது பல வண்டிகளில் நொடியில் சொல்லிவிடும். பழைய மிஸ்திரிக்கு அதைக் கண்டுபிடிக்க ஒரு நாள் ஆகியிருக்கும். அந்த நன்மையை நான் மனதாரச் சொல்கிறேன். ஆனால் துருப்பிடித்த போல்ட்டுக்குக் கோளாறு எண் கிடையாது. பழைய காரின் ஸ்டார்ட்டிங் தொல்லையில் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது.

எங்கள் தெருவில் ஒரு ஓய்வுபெற்ற பேராசிரியரின் கார், காலையில் சாவி திருப்பினால் மெதுவாக ஒருமுறை முனகிவிட்டு நின்றுவிடும். முதலில் புது பேட்டரி போட்டார்கள். சரியாகவில்லை. அடுத்து செல்ஃப் மோட்டாரையே மாற்றினார்கள். அப்படியும் முனகல்தான். ஹப்சிகூடா பக்கத்திலிருந்து வந்த ஓர் எலக்ட்ரீஷியன், அறுபதைத் தாண்டியவர், மல்டிமீட்டரை எடுத்தார். வண்டி சும்மா இருக்கும்போது பேட்டரியில் 12.6 வோல்ட், குறையில்லை. சாவியைத் திருப்பச் சொல்லி மறுபடி பார்த்தார். 12-ஐ ஒட்டியே நின்றது. நல்ல பேட்டரி அந்த நேரத்தில் 10-க்குக் கீழே போகக்கூடாது. இதுவோ இறங்கவே இல்லை. உழைக்கிற மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும், பேட்டரி கொஞ்சமாவது தணிய வேண்டும். பிறகு மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் தூணிலும் மறுமுனையை எஞ்சின் உடம்பிலும் வைத்து இன்னொரு முறை திருப்பச் சொன்னார். மீட்டர் பல வோல்ட் காட்டியது. அங்கே 0.2-ஐ ஒட்டித்தான் இருக்க வேண்டும். "எர்த் நை ஹே சாப்" (எர்த் இல்லை ஐயா) என்றார். ஜம்பர் கேபிள் ஒன்றை எடுத்து நெகட்டிவிலிருந்து நேராக எஞ்சினில் கவ்வவிட்டதும் வண்டி முதல் திருப்பிலேயே கிளம்பியது. கியர்பாக்ஸையும் பாடியையும் இணைக்கும் பின்னல் பட்டையின் போல்ட்டுக்கு அடியில் பச்சையாகக் களிம்பு. கழற்றி, உப்புத்தாளால் செம்பு மின்னும்வரை தேய்த்து, இறுக்கி, கிரீஸ் தடவினார். புது பேட்டரியும் புது மோட்டாரும் வாங்கியிருக்கத் தேவையே இல்லை.

அளக்காமல் மாற்றுகிற இந்தப் பழக்கம்தான் எனக்கு வருத்தம் தருகிறது. பல்பு ஒயரோடு வந்த மிஸ்திரி, கரண்ட் எது வரை வருகிறது, எந்தக் கணுவில் நிற்கிறது என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பாகம் மாற்றுவதற்கு அவரிடமும் காசில்லை, வண்டிக்காரரிடமும் இல்லை. செல்ஃப் போனால் கழற்றி, பிரஷ் மாற்றி, புஷ் போட்டு, ஆர்மேச்சர் எரிந்திருந்தால் செம்புக் கம்பி சுற்றிக் கொடுத்தார்கள். இன்று உதிரிபாகக் கடைகள் உள்ள ராணிகஞ்சுக்குப் போனால் முழு மோட்டாரும் டப்பாவில் கிடைக்கிறது, கம்பி சுற்றுவதை விட அது சுலபம். கம்பி சுற்றத் தெரிந்த கைகள் குறைகின்றன. நோய் கண்டுபிடிக்கும் முறையும் அவற்றோடு போய்விடுகிறது. சில நூறு ரூபாய்க்கு மல்டிமீட்டர் கிடைக்கும் இந்தக் காலத்தில் அது போக வேண்டிய அவசியமே இல்லை. பேட்டரி பாசிட்டிவிலிருந்து மோட்டார் முனைக்கு ஓர் அளவு, நெகட்டிவிலிருந்து எஞ்சினுக்கு ஓர் அளவு. சாவியைத் திருப்பிய நிலையில் முதலாவது அரை வோல்ட்டைத் தாண்டக்கூடாது. எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8-க்கும் 14.4-க்கும் இடையே நின்றால் ஆல்டர்னேட்டரும் நலம். இதை வண்டி வைத்திருப்பவரே பார்த்துக்கொள்ளலாம், கியரை நியூட்ரலில் போட்டு ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டால் போதும்.

தார்நாகாத் தெருக்களில் இப்போது மின்சாரக் கார்களும் தென்படுகின்றன. அவற்றில் செல்ஃப் மோட்டார் இல்லை, எஞ்சினே இல்லை. ஆனால் நூற்றுக்கணக்கான வோல்ட் கொண்ட பெரிய பேட்டரியை விழிக்கச் செய்து இணைப்பைப் போடுவது ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரி. பெரிய பேட்டரி நிறைந்திருந்தும், சின்னது இறங்கிவிட்டால் வண்டி அசையாது. நீண்ட நாள் நின்ற மின்சாரக் கார் கதவே திறக்காமல் கிடந்தால், முதலில் மீட்டர் வைக்க வேண்டியது அந்தச் சின்னப் பேட்டரியின் இரண்டு முனைகளில்தான்.