குதிரைக்கு வரும் நிலாக் குருடு

விக்டோரியா நினைவகத்தருகே ஊர் விருந்தினரோடு குதிரை வண்டி ஏறுமுன், குதிரையின் கண்ணைச் சற்றுப் பாருங்கள். நீர் வடிந்து, பாதி மூடி, நீலம் பூத்திருந்தால் தூசி என்று விட்டுவிடலாகாது. உள்கண் அழற்சியாக இருக்கலாம். விட்டுவிட்டு வருவதால், நிலவோடு சேர்த்து எண்ணி, ஆங்கிலத்தில் ‘நிலாக் குருடு’ என்று பெயரிட்டார்கள். உலகெங்கும் குதிரைகள் பார்வை இழக்க முதற்காரணம் இதுவே. எலிச் சிறுநீர் கலந்த தேங்குநீரில் வாழும் லெப்டோஸ்பைரா கிருமியாலும் வரும். கல்கத்தா மழைக்காலத்தைச் சொல்லவா வேண்டும்!

அட்ரோபின், ஸ்டீராய்டு சொட்டு மருந்துகள் அழற்சியை அடக்கும், அடியோடு போக்கா. கருவிழியில் புண்ணிருக்க ஸ்டீராய்டு விட்டால் கண்ணே போய்விடலாம். ஆகவே பழைய புட்டியைத் தேடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். 1893இல் தொடங்கிய பெல்காச்சியா கால்நடைக் கல்லூரி நகருக்குள்ளேயே இருக்கிறது. நிழல், ஈ மொய்க்காத முகவலை, சுத்தமான தண்ணீர், எலி அண்டாத உலர்ந்த கொட்டில் ஆகியவையும் சிகிச்சைதான். ஓய்வுதான் கடினம், குதிரை நின்றால் வண்டிக்காரர் வீட்டில் அன்று வருமானமில்லை.