எல்க் மானைத் தேடும் கேமரா

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் எல்க் மானை வில்லால் வேட்டையாடும் பருவம் செப்டம்பரில் தொடங்குகிறது. விவரம் தெரிந்தவர்களோ ஜூலையிலேயே மலையேறிவிடுவார்கள். கையில் ஆயுதம் இருக்காது. கேமரா, பைனாகுலர், முக்காலி மட்டும். மான் எங்கே மேய்கிறது, பகலில் எங்கே படுக்கிறது, எந்தத் தடத்தில் போய்வருகிறது என்று முன்கூட்டியே நோட்டம் பார்ப்பதுதான் வேலை. வேட்டையே ஆடாமல் படத்துக்காக மட்டும் இப்படி அலைகிறவர்களும் உண்டு.

எல்க் நம் கடமானின் உறவு, அதைவிடப் பெரியது. ராக்கி மலைத்தொடரில் வளர்ந்த ஆண் ஏறத்தாழ 300 கிலோ இருக்கும். வசந்தத்தில் கொம்பு உதிர்ந்து, புதுக்கொம்பு முளைக்கும். வேகமாக வளரும் நாட்களில் அது ஒரு நாளைக்கு 2.5 செ.மீ. வரை நீளும். ஜூலையில் கொம்பின் மேல் மெல்லிய ரோமத்தோல் போர்த்தியிருக்கும்; ஆகஸ்டில் மரங்களில் தேய்த்து அதை உரித்துவிடும். அந்த மாதங்களில் ஆண்கள் கூட்டாக உயரமான புல்வெளிகளில் திரிவதால் படமெடுப்பது சுலபம். புதிதாக வருகிறவர்கள் ஏமாறுவதும் இங்கேதான். செப்டம்பரில் இணைசேரும் பருவம் வந்ததும் இந்தக் கூட்டம் கலைந்துவிடும். ஒவ்வொன்றும் பெண்மான்களைத் தேடிக் கிலோமீட்டர் கணக்கில் போய்விடும். ஜூலையில் எடுத்த அழகான கொம்புப் படம், அந்த மான் செப்டம்பரில் எங்கே நிற்கும் என்பதைச் சொல்லாது.

ஆகவே தேர்ந்தவர்கள் மலையைத்தான் படமெடுக்கிறார்கள். மான் சட்டகத்தில் எறும்பளவு இருந்தாலும் போதும். வடக்கு நோக்கிய சரிவில் எங்கே அடர்ந்த மரநிழல், எங்கே நீர்க்கசிவு, ஆண்மான் சேற்றில் புரண்ட குழி எது, ஆஸ்பென் மரப்பட்டையில் பல்பட்ட கறுப்புத் தழும்பு எந்த உயரத்தில் என்பதெல்லாம் படத்தில் பதிவாக வேண்டும். மான் இடம் மாறினாலும் நிழலும் நீரும் அங்கேயே இருக்கும்.

இந்த நோட்டத்தில் ஆளில்லாமல் உழைக்கும் கருவி ஒன்று உண்டு. தடத்தோரம் மரத்தில் கட்டிவைக்கும் தானியங்கி கேமரா. முதுமலையிலும் ஆனைமலையிலும் புலிக் கணக்கெடுப்பில் வனத்துறை வைக்கிறதே, அதே இனம்தான். அங்கே புலியின் இரண்டு பக்க வரிகளும் வேண்டும் என்பதால் எதிரெதிராக இரண்டு. எல்க்குக்கு ஒன்று போதும். அந்தக் காலத்தில் இழுவைக்கயிறு கட்டி இதைச் செய்தவர் அமெரிக்கப் புகைப்படக்காரர் ஜார்ஜ் ஷைராஸ். கயிற்றில் மான் கால் பட்டதும் வெளிச்சம் வெடிக்கும், படம் விழும். அவர் எடுத்த 74 படங்களை 1906 ஜூலையில் ‘நேஷனல் ஜியாக்ரஃபிக்’ வெளியிட்டது.

இன்று கயிற்றின் வேலையை அகச்சிவப்பு உணரி செய்கிறது. அது தானாக எதையும் வீசுவதில்லை. எதிரிலுள்ள பரப்பைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்கு வெப்பம் நகர்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறது. இதிலிருந்தே அதன் பலவீனங்களும் வருகின்றன. குறுக்கே போகும் மான் உடனே சிக்கும். நேராகக் கேமராவை நோக்கி நடந்து வரும் மான் தாமதமாகத்தான் சிக்கும். வெயிலில் காய்ந்த புல் காற்றில் ஆடினாலும் படம் விழும். அதனால் கேமராவை வடக்கு நோக்கி வைத்து, எதிரே உள்ள புல்லையும் கிளையையும் ஒதுக்கிவிடுவார்கள். இரவுக்கு அகச்சிவப்பு விளக்கு. 850 நானோமீட்டர் விளக்கு தூரம் காட்டும், ஆனால் எரியும்போது மங்கலான சிவப்பு தெரியும். 940 நானோமீட்டர் விளக்கு கண்ணுக்குத் தெரியாது, தூரமும் குறைவு.

தானியங்கி கேமரா ஒரே இடத்தைத்தான் பார்க்கும். பள்ளத்தாக்கு முழுவதையும் பார்க்க ஆள்தான் போய் உட்கார வேண்டும். எல்க்கின் மூக்கு பொல்லாதது. இரவில் குளிர்ந்த காற்று சரிவில் இறங்கும். வெயில் ஏறியதும் சூடாகி மேலே கிளம்பும். விடியுமுன் மானுக்கு மேலே நின்றாலும், வெயிலேறியபின் கீழே நின்றாலும் நம் வாடை அதனிடம் போய்விடும். எதிர்முகட்டில் உட்கார்ந்து, பைனாகுலரை முக்காலியில் பூட்டிச் சரிவைத் துண்டு துண்டாகத் துழாவுவதே மேல். நல்ல வெளிச்சமும் மான் நடமாட்டமும் காலை, மாலை விளிம்புகளில்தான். நடுப்பகலில் தரைச்சூடு கிளப்பும் அலையில் எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸும் கலங்கும்.

தானியங்கி கேமராவை எல்லா மாநிலமும் அனுமதிப்பதில்லை. அரிசோனாவில் வேட்டைக்குத் துணையாகத் தானியங்கி கேமரா வைப்பதை 2022 ஜனவரி 1 முதல் தடை செய்துவிட்டார்கள். வறண்ட மாநிலம், நீர் இருக்கும் இடங்கள் கொஞ்சம். எல்லாரும் அங்கேயே கேமரா கட்டி, நினைவட்டை மாற்ற அடிக்கடி போய்வந்தால் விலங்கு நிம்மதியாகத் தண்ணீர் குடிக்க முடியாது. மிருகத்துக்கும் தப்பிக்க ஒரு வாய்ப்பு வேண்டும் என்ற வேட்டை நெறியும் இந்தத் தடைக்குப் பின்னால் இருந்தது. எனக்கு அது நியாயமாகவே படுகிறது. கேமரா இல்லாமல் எல்க் தேட முடியாது என்கிறவர் மலையைச் சரியாகப் பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

எடுத்த படத்தைப் பகிர்வதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. கைபேசிப் படத்தில் இடக்குறிப்பு ஒட்டிக்கொண்டு வரும். அதை நீக்கினாலும் பின்னாலுள்ள சிகரத்தை வைத்தே உள்ளூர்க்காரர் இடத்தைக் கண்டுபிடித்துவிடுவார். அதனால் மலையைப் பார்த்துத் தேடியவர்களே, வெளியில் காட்டும்போது மலையை வெட்டிவிட்டுக் கொம்பை மட்டும் காட்டுகிறார்கள்.