ஆட்தேர்வுக்கான தானியங்கிக் குறுஞ்செய்திகளில் தமிழ் விடைகளின் ஒப்பீடு

விண்ணப்பதாரரை முதற்கட்டமாக வடிகட்டும் தானியங்கிக் குறுஞ்செய்தி முறையில், வந்த விடையை நிரல் ஒப்பிட்டு அடுத்த வினாவையோ மறுப்பையோ அனுப்பும். தமிழ் விடைகள் இடறுவது இந்த ஒப்பீட்டில்தான். 'கோவை' என்பதன் ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும், ஏகாரக் கொம்பும் காலுமாக இரு குறிகளாகவும் உள்ளிடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, நிரலுக்கு வேறு. எனவே, பணியாற்ற விரும்பும் ஊரைச் சரியாக எழுதியவரும் கழிக்கப்படலாம். காரணம் அவருக்குத் தெரியவும் வராது. ஒப்பிடுமுன் இருபுறச் சொற்களையும் என்எப்சி வடிவத்துக்கு இயல்பாக்கினால் இவ்விடர் நீங்கும். 'ஆம்', 'ஆமாங்க' போன்ற வழக்கு வேறுபாடுகளுக்கு அது உதவாது. அங்கு 1, 2 என எண்ணால் விடை கேட்பதே தக்கது. ஆனால் அக்குறிப்பையும் சேர்த்தால் வினா நீளும். ஒரு குறுஞ்செய்தியில் ஆங்கிலத்துக்கு 160 இடங்கள், தமிழுக்கு 70. 'ஓட்டுநர்' என்னும் ஐந்தெழுத்துச் சொல்லே 8 இடங்களைக் கொள்ளும். இவற்றுக்கும் பிடிபடாத விடையை மறுப்பாகக் கொள்ளாமல், தேர்வு அலுவலரின் பார்வைக்கு அனுப்பும் கிளையை நிரலில் அமைத்தல் வேண்டும்.